செட்டிநாட்டு வீட்டு வேலைக்கு அட்வான்ஸ்: எவ்வளவு, எப்போது, யார் கையில்

"ஆச்சி, ஆத்தங்குடியில தரைக் கல்லுக்கு இன்னைக்கே பணம் கட்டணும். மூணு லட்சம் போட்டு விட்டீங்கன்னா திங்கக்கிழமை ஆள் இறக்கிருவேன். தை முகூர்த்தத்துக்கு வீடு ரெடி."

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவருக்கு ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வந்தால், அன்று சாயங்காலத்துக்குள் பணம் போய்விடுகிறது. கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது, வீட்டை நேரில் பார்க்க ஆள் இல்லை, மேஸ்திரி தெரிந்தவர் சொன்ன ஆள். இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் அட்வான்ஸ் மாட்டிக்கொள்கிறது. அந்தப் போனுக்குச் சரியான பதில் இதுதான்: "எந்தப் பட்டறைன்னு சொல்லுங்கண்ணே, எத்தனை கல்லுன்னு சொல்லுங்க. பட்டறைக்காரருக்கு நானே நேரா அனுப்பிடுறேன்." கல்லுக்காகவே பணம் கேட்டவர் உடனே பட்டறையின் பெயரையும் நம்பரையும் சொல்லிவிடுவார். "அது சரிப்படாது ஆச்சி, என் கணக்குலயே போடுங்க" என்று இழுப்பவரிடம் அன்றைக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

பெரிய அட்வான்ஸ் கேட்கிற எல்லோரும் ஏமாற்றுக்காரர் இல்லை. பலருக்குக் கையில் முதல் கிடையாது. உங்கள் பணத்தில் போன வீட்டின் ஹார்ட்வேர் பாக்கியைக் கட்டுவார்கள். அடுத்த வீட்டின் அட்வான்ஸில் உங்களுக்கு மணல் இறக்குவார்கள். இந்த உருட்டல் ஓடும்வரை எல்லோர் வீட்டிலும் வேலை நடக்கும். நடுவில் ஒரு வீட்டுக்காரர் பணத்தை நிறுத்தினாலோ, மழை பிடித்து ஒரு மாதம் வேலை நின்றாலோ, கடைசியில் அட்வான்ஸ் கொடுத்தவர் வீடு ஓடு பிரித்த நிலையில் நின்றுபோகும். மேஸ்திரிக்குக் கெட்ட எண்ணமே இல்லாவிட்டாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆகவே அவர் நல்லவரா கெட்டவரா என்று எடை போடுவதோடு நிற்காதீர்கள். நாளைக்கே அவர் வராமல் போனால் என் பணம் எவ்வளவு அவர் கையில் நிற்கும் என்று ஒவ்வொரு முறை பணம் அனுப்பும் முன்பும் கணக்குப் போடுங்கள். அந்தத் தொகை உங்களால் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் விசாரிப்பது

முடித்த வீடுகளின் போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு வீடுகளை நேரில் பார்க்க வேண்டும். ஒன்று இப்போது வேலை நடக்கிற வீடு, இன்னொன்று முடித்து இரண்டு மழைக்காலம் கண்ட வீடு. முதல் வீட்டில் எத்தனை ஆள் வருகிறார்கள், சனிக்கிழமை கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று சித்தாளிடம் கேளுங்கள். கூலி பாக்கி வைக்கிறவர் கையில் உங்கள் அட்வான்ஸ் முதலில் அந்தப் பாக்கிக்குத்தான் போகும். இரண்டாவது வீட்டில் கூரையைத் தாங்கும் கைமரம் சுவரோடு சேரும் இடத்தையும், வளவின் (நடு முற்றப் பகுதியின்) நாலு மூலையில் ஓடு சேரும் கூடுவாயையும் பாருங்கள். ஒழுகிய கறை முதலில் அங்கேதான் தெரியும்.

அடுத்து, அவர் வழக்கமாகச் சாமான் எடுக்கும் கடை. "அவருக்குக் கடன் தருவீங்களா?" என்று கடைக்காரரிடம் நேராகக் கேட்டால், பதிலைவிட அவர் தயங்குகிற தயக்கம் அதிகம் சொல்லும்.

ஜிஎஸ்டி பில் தருகிறேன் என்பவரிடம் எண்ணை வாங்கி ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் சேர்ந்து மொத்தம் 15 இருக்கும். தமிழ்நாட்டில் பதிந்ததென்றால் 33 என்று தொடங்கும். யார் பெயரில் பதிவு, இன்னும் நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் அங்கேயே தெரியும். சிறு மேஸ்திரிகள் பலருக்கு ஜிஎஸ்டி இருக்காது. அது குற்றமில்லை. ஆனால் எண்ணே இல்லாமல் பில்லில் 18 சதவீதம் வரி போட்டுக் கேட்டால் அது ஏமாற்று.

ஜிபேயில் எண்ணைப் போட்டதும் வங்கியில் உள்ள பெயர் வரும். ஒப்பந்தம் போட்டவர் பெயரும் அந்தப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மச்சான் கணக்கு, மகள் கணக்கு என்று அனுப்பினால், பிறகு "எனக்கு வரவில்லை" என்ற பேச்சுக்கு இடம் கொடுத்துவிடுவீர்கள்.

தவணை பிரிப்பது

மொத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஒப்பந்தக் கையெழுத்து அன்று கொடுக்க வேண்டாம். அதற்கு மேல் எல்லாம் முடிந்த வேலைக்குத்தான். "ஒரு மாதம் கழித்து ஒரு லட்சம்" என்று தேதிக்குத் தவணை வைத்தால் வேலை நடக்காமலே தேதி வந்துவிடும். ஆகவே கண்ணால் பார்க்கக்கூடிய வேலைக்குத் தவணை வையுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. வளவின் நாலு பக்கத் தாழ்வாரம், ஓடு பிரித்து மாற்றி, சுவர் பூசி, 600 சதுர அடிக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்க, சாமானும் கூலியும் சேர்த்து 6 லட்சம் பேசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்து அன்று 60,000. ஓடு பிரித்து, புது ரீப்பரும் (ஓடு தாங்கும் மரச்சட்டம்) ஓடும் வீட்டுக்குள் வந்து எண்ணிப் பார்த்ததும் 90,000. கூரை முடிந்து, கூடுவாய் நாலிலும் ஹோஸ் வைத்து அரைமணி நேரம் தண்ணீர் விட்டுப் பார்த்து ஒழுகாவிட்டால் 1,50,000. சுவர்ப் பூச்சு முடிந்து காய்ந்ததும் 1,20,000. தரை பதித்து முடிந்ததும் 1,20,000. மீதி 60,000 ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டிய பிறகு. இந்தக் கடைசி 60,000-ஐ முதல் நாளே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்தபின் புதிதாகச் சொன்னால் சண்டைதான் வரும், அதில் நியாயமும் மேஸ்திரி பக்கம்தான் இருக்கும்.

"இவ்வளவு குறைஞ்ச அட்வான்ஸ்ல எப்படிண்ணே வேலை ஆரம்பிக்கிறது?" என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு வழி, அட்வான்ஸைக் கூட்டுவதில்லை. சாமானை நீங்கள் கடையில் நேராகக் கட்டி, பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள். கூலியை வாராவாரம் சனிக்கிழமை கொடுங்கள். அவர் கையிலிருந்து ஒரு பைசா போட வேண்டாம், உங்கள் பணமும் அவர் கையில் தங்காது. சாமான் உங்கள் பெயரில் இருப்பதில் இன்னொரு காப்பும் உண்டு. கடைக்கு அவர் வைத்த வேறு பாக்கிக்காக உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் கம்பியைத் தூக்கிப்போக யாருக்கும் உரிமை வராது. கூலியைப் பொறுத்தவரை, கொத்தனார் எத்தனை பேர், சித்தாள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் அன்றன்றைக்கு எழுதி, வாரக் கடைசியில் அவரே கையெழுத்துப் போடட்டும். இப்படி நடத்துவதில் உங்களுக்கு அலைச்சல் கூடும், அதை மறைக்கவில்லை. நிற்க ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

மணல் இறக்கும்போது ஒரு டேப் போதும். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. வண்டி கொட்டும் முன் உள்ளே மணலின் நீளம், அகலம், உயரம் அடியில் அளந்து பெருக்கி 100-ஆல் வகுத்துவிடுங்கள். 12 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்றால் 180 கன அடி, அதாவது 1.8 யூனிட். பில்லில் 2 யூனிட் என்று இருந்தால் இறக்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கொட்டிய பிறகு குவியலைச் சரியாக அளப்பது கஷ்டம்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு முன்பணம்

இங்கே முன்பணம் உண்மையிலேயே வேண்டியது. கல்லைக் கையால் ஒவ்வொன்றாகச் செய்கிறார்கள். கண்ணாடி மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே காய்ந்த மணல் சிமென்ட் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவை போட்டு, காயவைத்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். நீங்கள் கேட்ட பூவும் நிறமும் வேறு யாருக்கும் விற்காது. பட்டறைக்காரர் முன்பணம் கேட்பதில் தவறில்லை.

ஆனால் எண்ணிக்கையை நீங்களே போடுங்கள். 8 அங்குலச் சதுரக் கல் ஒரு சதுர அடிக்கு இரண்டேகால் வரும். 600 சதுர அடிக்கு 1,350 கல். உடைசலுக்கு 5 சதவீதம் கூட்டினால் 1,420-க்குள் அடங்கும். 10 அங்குலக் கல்லென்றால் 864, உடைசலோடு 910. மேஸ்திரி 1,800 கல் வேண்டும் என்றால் ஏன் என்று விளக்கட்டும். ஓரம், பார்டர் வெட்டுவதில் கொஞ்சம் கூடும், இவ்வளவு கூடாது. உடைசல் போக மிஞ்சிய கல் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து ஒரு கல் உடைந்தால் அதே நிறத்தில் கிடைப்பது கஷ்டம்.

மாதிரிக் கல் ஒன்றைப் பட்டறையில் வாங்கி, பின்பக்கம் தேதி எழுதி, பட்டறைக்காரரும் நீங்களும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். லோடு வந்ததும் நடுவிலிருந்து ஐந்தாறு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் ஒத்துப்போக வேண்டும். விளிம்பில் வண்ணப் படலத்தின் கனம் மாதிரிக் கல்லைவிட மெலிந்திருக்கக் கூடாது. விளிம்பை நகத்தால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தால், தண்ணீரில் ஊறும் நாளைக் குறைத்திருக்கலாம். அந்த லோடை இறக்க விடாதீர்கள். பட்டறைக்குச் சேர வேண்டிய மீதிப் பணத்தை இந்தச் சோதனைக்குப் பிறகே கொடுங்கள்.

பதித்து முடிந்ததும் கறை எடுக்க ஆசிட் ஊற்றுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. சிமென்ட் கல்லின் மேல் ஆசிட் பட்டால் மினுமினுப்பே போய்விடும், திரும்ப வராது. "ஆசிட் ஊற்றக் கூடாது, ஊற்றிக் கெட்டால் கல்லை மாற்றித் தர வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

சுண்ணாம்பு என்று பேசி சிமென்ட் பூசுவது

பழைய வீடுகளின் சுவர் சுண்ணாம்புக் காரையில் நிற்கிறது. மேலே சிமென்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியே போக வழியில்லாமல், பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசுவதற்கு நாளும் கூலியும் அதிகம். ஆகவே கொட்டேஷன் சுண்ணாம்பு ரேட்டில் வரும், வேலை சிமென்டில் நடக்கும். வேலை முடிந்து வெள்ளையடித்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் இந்தத் தவணையை இரண்டாக உடையுங்கள். சுண்ணாம்பு வீட்டில் தொட்டியில் ஊறுவதைப் பார்த்ததும் பாதி, பூச்சு முடிந்து காய்ந்ததும் மீதி. கலவை போடும் நாளில் வீட்டில் சிமென்ட் மூட்டை எத்தனை இருக்கிறது என்று எண்ணி வையுங்கள். தரைக்கென்று வந்த 50 கிலோ மூட்டைகள் தரை ஆரம்பிக்கும் முன்பே குறைந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய மரமும் பணம்தான்

அட்வான்ஸைக் கணக்குப் பார்க்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். பிரிக்கும்போது வெளியே வரும் பர்மாத் தேக்குக் கைமரம், நிலை, பழைய பூட்டு, கல் தூண், பழைய பூக்கல் எல்லாம் விலைபோகும் சாமான். "வேஸ்ட் அள்ளிட்டுப் போயிடுறேன் ஆச்சி" என்ற ஒரு வார்த்தையில், நீங்கள் கொடுத்த அட்வான்ஸைவிடப் பெரிய தொகை வீட்டை விட்டுப் போய்விடும். நம் வீடுகளில் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டுக் கதவு அடுத்த தெருவிலும் திறக்கும். முன்வாசலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருக்க, பின்வாசலில் டெம்போ நிற்கும்.

பிரிப்பதற்கு முன் வீட்டின் ஒவ்வொரு பகுதியையும் வீடியோ எடுங்கள். மரத்துக்குச் சாக்பீஸில் நம்பர் போட்டு, நீளம் எழுதி, பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பிரித்த சாமானை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, சாவியை உங்கள் ஆளிடம் வையுங்கள். பின்கட்டுக் கதவுச் சாவி மேஸ்திரியிடம் போகவே கூடாது. பழைய சாமானைக் கூலியில் கழித்துக்கொள்வதாக அவர் சொன்னால் கழிக்கலாம், ஆனால் முதலில் வேறு இரண்டு பேரிடம் விலை கேட்டுவிட்டு.

எழுத்தில் இருக்க வேண்டியவை

முத்திரைத்தாளில் இருந்தால் நல்லது. ஆனால் முத்திரைத்தாளைவிட முக்கியம் உள்ளே எழுதியிருப்பது. ஓடு எந்த வகை, ரீப்பர் எந்த மரம், என்ன அளவு, கல் எத்தனை அங்குலம், பூச்சு சுண்ணாம்பா சிமென்டா, தவணை எந்த வேலைக்கு எவ்வளவு, முடிக்கும் தேதி, தாமதமானால் வாரத்துக்கு எவ்வளவு கழிப்பு, கடைசி 10 சதவீதம் எப்போது, மின் கட்டணமும் குப்பை அள்ளுவதும் யார் செலவு. "முதல் தரமான சாமான்" என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம்.

கூடுதல் வேலைக்குத் தனி வரி வேண்டும். வாட்ஸ்அப்பில் ரேட் எழுதி, வீட்டுக்காரர் "சரி" என்று பதில் போட்ட பிறகே கூடுதல் வேலை. பங்காளிகள் சேர்ந்த வீட்டில் அந்தச் "சரி" சொல்லும் ஆள் ஒருவர்தான் என்று பெயர் போட்டு எழுதுங்கள். பெரியப்பா ஒன்று சொல்ல, சிங்கப்பூர் அண்ணன் ஒன்று சொல்ல, கடைசியில் இருவர் சொன்னதற்கும் பில் வரும். எல்லாப் புள்ளியும், அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பமும், சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் வீட்டின் பொதுப் பகுதியில் வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். ஒரு பங்காளி நடுவில் தடுத்தால் "நான் வேலை செய்யத் தயாராத்தான் இருந்தேன்" என்று சொல்லி மேஸ்திரி அட்வான்ஸைத் திருப்பித் தர மறுக்கலாம். அதில் சட்டமும் அவர் பக்கம் சாயலாம்.

ரொக்கமாகக் கொடுத்தால் ரசீதில் தேதி, தொகை எண்ணிலும் எழுத்திலும், எந்த வேலைக்கு, எத்தனையாவது தவணை, இதுவரை மொத்தம் எவ்வளவு என்று இருக்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தரவில்லை. பிரித்துப் பிரித்து வாங்கினாலும் அதே கதைதான். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது, வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவது இரண்டும் கூடவே கூடாது.

வெளியூரில் இருந்தால் தவணைக்கு முன் லைவ் வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய வீடியோவை அனுப்பிப் பணம் வாங்குவது நடக்கிறது. அன்றைய செய்தித்தாளைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னால் போதும். பெரிய தவணைகளுக்கு, மேஸ்திரிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரைக் காசு கொடுத்து அனுப்பி அளந்து வரச் சொல்வது மலிவான காப்பு.

ஆள் வராமல் போனால்

மூன்று நாள் வரவில்லை என்றால் போனோடு நிறுத்தாமல் வாட்ஸ்அப்பில் தேதி போட்டு எழுதுங்கள். ஒரு வாரம் ஆனால், கொடுத்த தொகை, முடிந்த வேலை, எந்தத் தேதிக்குள் வேலை அல்லது பணம் என்று கடிதமாக எழுதி, தபால் நிலையத்தில் ரசீதும் சேர்ந்ததற்கான ஒப்புகையும் கிடைக்கும்படி அனுப்புங்கள். 15 நாள் கெடு போதும். கோபமாக எழுத வேண்டாம்; பிறகு அதை நுகர்வோர் ஆணையத்தில் படிப்பார்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் என்றால் சிவகங்கை மாவட்டம். ராயவரம், கோனாபட்டு என்றால் புதுக்கோட்டை. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலும் போடலாம், சென்னையில் இருப்பவர் இதற்காக ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். வீட்டை ஹோட்டலாக நடத்துகிறவர்கள் மட்டும் முதலில் வக்கீலிடம் கேளுங்கள். வியாபார நோக்கத்துக்கு வாங்கிய சேவை என்று சொல்லி மனுவைத் தள்ள வாய்ப்புண்டு. அவர்களுக்கு சிவில் கோர்ட் இருக்கிறது, அங்கே கெடு 3 வருஷம்.

போலீஸுக்குப் போவதென்றால், தாமதம் மட்டும் மோசடி ஆகாது என்பதைத் தெரிந்து போங்கள். பணம் வாங்கும்போதே வேலை செய்யும் எண்ணம் இல்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும். பொய்ப் பெயர், இல்லாத பட்டறையின் பில், ஒரே வாரத்தில் இன்னும் நாலு வீட்டில் அட்வான்ஸ் வாங்கி ஒரு வீட்டிலும் ஆள் இறக்காதது போன்றவை இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் ஏமாற்றுக்குப் புகார் நிற்கும். மேஸ்திரி பெயரில் யாரோ போன் செய்து ஜிபேயில் பணத்தை வாங்கிவிட்டால் அது வேறு விவகாரம். அந்த நிமிஷமே 1930-க்கு அழையுங்கள், ஒரு மணி நேரத் தாமதத்தில் பணம் வேறு கணக்குக்குத் தாவிவிடும்.

மீதி வேலையை வேறு மேஸ்திரியிடம் கொடுக்க அவசரம் இருக்கும், கல்யாணம் காத்திருக்காது. ஆனால் புது ஆள் கரண்டியை எடுக்கும் முன், நின்றுபோன வேலையை இன்ஜினியரை வைத்து அளந்து, டேப் சுவரில் இருக்கும்போதே போட்டோ எடுத்து, இறங்கிக் கிடக்கும் ஓடு, கல், மூட்டை எல்லாவற்றையும் எண்ணி, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். புதுப் பூச்சு ஏறிவிட்டால் பழையவர் எவ்வளவு செய்தார் என்பதை எந்த ஆணையத்திலும் காட்ட முடியாது.